வெள்ளையாக்காத, அப்படியே வை

எட்டு வருஷம் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைனரா இருந்தேன். டிசைனர்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, தலைவர் பொறந்தநாள், இதேதான் தினமும். போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, பின்னாடி இருக்கறத வெட்டி எடுத்துட்டு, மூஞ்ச வெள்ளையாக்கிட்டு, அஞ்சலின்னா ரெண்டு புறா ஒரு மெழுகுவத்தி, வயசுக்கு வந்த பொண்ணுன்னா மயில், மேல பேர் போட்டு பிரிண்டுக்கு தள்ளிவிட வேண்டியதுதான். அரை மணி நேர வேல.

அதுல ஒண்ணு கவனிச்சேன். ஆம்பள செத்தா போட்டோவுக்குப் பஞ்சமே இல்ல. பைக் மேல சாஞ்சுகினு ஒண்ணு, கூலிங் கிளாஸ்ல ஒண்ணு, பீச்சுல சட்டை பட்டன் தொறந்து ஒண்ணு, எது வேணும்னு சண்டை போடுவாங்க. பொம்பள செத்தா வூட்ல இருக்கறவங்க மூஞ்சிய மூஞ்சி பாத்துப்பாங்க. கடைசில வாக்காளர் அட்டைய தூக்கினு வருவாங்க. இல்லனா யாரோ கல்யாணத்துல மூணாவது வரிசையில, முன்னாடி நிக்கறவர் தோளுக்குப் பின்னாடி பாதி தாடை தெரியற மாதிரி ஒண்ணு. அந்த மீதி பாதி தாடைய நான்தான் கம்ப்யூட்டர்ல வரைவேன்.

ஒருதடவ எங்க அடுத்த தெருவுல கருவாடு வித்த ஆயா தவறிட்டாங்க. நாப்பது வருஷமா அதே முனையில உக்காந்தவங்க. ரேஷன் கார்டு போட்டோவ வச்சு நான்தான் அடிச்சேன், நல்லா பளிச்சுனு. மறுநாள் வேலைக்கு போகும்போது அந்த பேனருக்கு கீழயே நின்னுகினு ஒரு பெரியவர் "யாரும்மா தவறிட்டது?"ன்னு கேக்கறார். டெய்லி அந்த ஆயாகிட்ட நெத்திலி வாங்கறவர் அவரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எனக்கும் இது நடந்திருக்கு. 2014ல மாப்ள வீட்டுக்கு அனுப்பறதுக்கு ஸ்டூடியோல போட்டோ எடுத்தாங்க, நான் பாக்கறேன், அது நான் இல்ல, எனக்கு சித்தி பொண்ணு ஒருத்தி இருந்து அவ ஊட்டில வளந்திருந்தா அப்படி இருப்பா. பொண்ணு பாக்க வந்த அம்மா போட்டோவயும் என்னயும் மாறி மாறி பாத்துட்டு காபி குடிச்சுட்டு போனவங்கதான். அந்த சம்மந்தம் போனதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா எனக்கு யாரோ செஞ்சத நான் தினம் பத்து பேருக்கு செஞ்சுகினு இருக்கேன்னு உறைக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. கடையில அதுக்குன்னு ஆக்‌ஷனே ரெடியா வச்சிருந்தேன், ஒரு பட்டன அமுக்கினா போதும், மூஞ்சி மட்டும் வெளுத்துடும்.

சரி, நானே கேமரா வாங்கின கதைக்கு வரேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய கேனான் பாடியும் 50 எம்எம் லென்ஸும் வாங்கினேன், பீரோல ஒளிச்சு வச்ச சீட்டு பணத்துல. முதல்ல ஏமாந்தேன். கடைக்காரர் லைட் வெளிச்சத்துல காட்டினாரு, நானும் தலையாட்டினு வாங்கிட்டேன், வூட்டுக்கு வந்து செல்போன் டார்ச்ச லென்ஸுக்குப் பின்னாடி வச்சு பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திருப்பி போனா "நீங்க பாத்துதான வாங்கினீங்க"ன்ட்டாரு. அதனால வாங்கப்போறவங்க டார்ச் அடிச்சு பாக்காம காசு எடுக்காதீங்க, ஷட்டர் எத்தன தடவ ஓடியிருக்குன்னும் கேளுங்க. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற, லென்ஸ துணில சுத்தி பீரோல வச்சா போச்சு. காத்து போகாத டப்பா ஒண்ணுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. எண்ணூர் பக்கம் எடுக்கப் போனா சாம்பல் தூசு படியும், அத முந்தானையில துடைச்சிடாதீங்க, கண்ணாடில கீறல் விழும், முதல்ல ஊதற பம்ப்பால ஊதிட்டு அப்பறம் துடைங்க. இத நான் கீறல் விழுந்தப்பறம்தான் கத்துகினேன்.

முதல் மாசம் எடுத்ததெல்லாம் என் மூஞ்சிதான். வேற யாரு நிப்பாங்க? வெள்ளை சுவத்து முன்னாடி நின்னா நான் கரிக்கட்டை. கருப்பு கதவு முன்னாடி நின்னா பூசணிக்கா சாம்பல் பூத்த மாதிரி. கேமரா மேல கோவமா வந்துது. அப்பறம்தான் புரிஞ்சுது, ஆட்டோல இருக்கும்போது கேமரா எதப் பாத்தாலும் அத நடுத்தரமான ஒரு சாம்பல் கலருக்கு கொண்டாரப் பாக்குது, 18 சதவீத சாம்பல்னு சொல்வாங்க. பின்னாடி வெள்ளை நிறைய இருந்தா "அடேய் வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு மொத்தத்தயும் இருட்டாக்கிடும், நம்ம மூஞ்சி சேந்து முழுகிடும். பின்னாடி கருப்பா இருந்தா தூக்கிவிட்டுடும், நம்ம கலர் வெளுத்துடும். அதனால வெளிச்சம் பின்னாடி இருந்தா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல, அதான் வெளிச்சத்த ஏத்தி இறக்கற செட்டிங்ல, ப்ளஸ் ஒண்ணு, பின்னாடி இருட்டுன்னா மைனஸ்ல கொஞ்சம். போன்ல எடுக்கறவங்க மூஞ்சி மேல விரல வச்சு அழுத்தி லாக் பண்ணிட்டு, பக்கத்துல வர்ற சூரியன் படத்த மேலயோ கீழயோ இழுங்க, அவ்ளோதான். அதுக்கும் முன்னாடி போன்ல பியூட்டி மோட ஆஃப் பண்ணுங்க. நிறைய போன்ல அது தானாவே ஆன்ல கீது, நமக்கே தெரியாம கன்னத்த வழவழன்னு ஆக்கிடும்.

அப்ப படிச்சதுதான் இது. ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி லேபுங்களுக்கு கலர் சரிபாக்கறதுக்கு ஒரு பொண்ணு படம் போட்ட அட்டை அனுப்புவாங்களாம், ஷெர்லி கார்டுன்னு பேரு. ரொம்ப வருஷம் அதுல வெள்ளக்கார பொண்ணுங்க மட்டும்தான். அவ தோல் கலர் சரியா வந்தா பிரிண்ட் சரி. பழுப்பு கலர் ஒழுங்கா வரலன்னு சாக்லேட் கம்பெனியும் மர சாமான் கம்பெனியும் போய் கம்ப்ளைண்ட் பண்ணினது அத மாத்தறதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. பாருங்க, நம்ம மூஞ்சிக்காக இல்ல, மேசை நாற்காலிக்காக. எல்லாரயும் உள்ள வச்ச அட்டை 90கள்லதான் வந்துது. என் அம்மாவோட கல்யாண போட்டோல அம்மா ஏன் ரெண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரியற மாதிரி இருக்காங்கன்னு எங்க வூட்ல வருஷக்கணக்கா சிரிச்சிருக்கோம். இப்ப சிரிக்க தோணல.

ஸ்டூடியோ லைட்டெல்லாம் வேணாம். வாசப்படி போதும். எங்க வூடு ஒரே ரூம், டியூப்லைட்டு பச்சையடிக்கும், ஜன்னல்ல பக்கத்து வூட்டு சுவரு. ஆனா கதவ தொறந்துட்டு வாசலுக்கு ஒரு அடி உள்ள தெருவ பாத்து உக்காந்தா காலைல எட்டு மணிக்கு அப்படி ஒரு வெளிச்சம், எதிர் வூட்டு மஞ்ச சுவத்துல பட்டு திரும்பி வரும், கன்னத்துல மெத்துனு விழும். உள்ள டியூப்லைட்ட அணைச்சுடணும், ரெண்டு கலர் வெளிச்சம் கலந்தா மூஞ்சில பாதி பச்ச பாதி மஞ்ச. எங்க வாசல்ல கேமரா செட்டிங் ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, ஷட்டர் 1/125. உங்க வாசல்ல வேற வரும், ஒருதடவ பாத்து எழுதி வச்சுக்குங்க.

தன்னத்தானே எடுக்கறதுல பெரிய தொல்லை ஃபோகஸ். நான் இருக்க வேண்டிய இடத்துல நான் இல்லயே, கேமராகிட்டதான நிக்கறேன். அதுக்கு நான் கண்டுபிடிச்சது துடைப்பம். உக்காரப்போற இடத்துல தென்னந்துடைப்பத்த நாற்காலில சாத்தி வச்சு அது மேல ஃபோகஸ் பண்ணிட்டு, லென்ஸ்ல ஆட்டோவ மேனுவலுக்கு தள்ளிட்டு, 10 செகண்ட் டைமர் போட்டுட்டு ஓடிப்போய் துடைப்பத்த எடுத்துட்டு உக்காரணும். டிரைபாட் இல்லாதப்ப அஞ்சு கிலோ அரிசி மூட்டை மேல கேமராவ வச்சேன், குழி பண்ணி வச்சா ஆடாது. என் மாமியார் ஒருநாள் பாத்துட்டு "துடப்பத்துக்கு போட்டோ புடிக்கறா"ன்னு தெரு முழுக்க சொல்லிட்டாங்க, அது இன்னும் ஓடிகினு கீது.

சிகாகோல ஆயா வேல பாத்த விவியன் மையர்னு ஒருத்தங்க, ஊரான் புள்ளைங்கள பாத்துக்கற வேல, லட்சத்துக்கு மேல நெகட்டிவ் எடுத்து வச்சிருந்தாங்க, அதுல நிறைய அவங்களே கூட பாத்திருக்க மாட்டாங்க, 2007ல அவங்க சாமானெல்லாம் ஏலத்துல போனப்பதான் வெளில தெரிஞ்சுது. கடை கண்ணாடி, பஸ் கண்ணாடி, தரையில விழற நெழல், எதுலயாவது தன்ன ஒரு ஓரமா புடிச்சு வச்சிருப்பாங்க. நானும் கொஞ்ச நாள் அப்படி சுத்தினேன். 56சி பஸ் கண்ணாடி, சலூன் கண்ணாடி, மீன் வெட்டற தட்டுல தேங்கின தண்ணி. நல்ல பயிற்சி, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஆனா வூட்ல "இன்னாத்துக்கு உன்னையே எடுத்துகினு கீற"ன்னு கேட்டப்ப பதில் வரல. நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாது, அதான், வேற ஒண்ணும் இல்ல.

அப்பறம் மத்தவங்கள எடுக்க ஆரம்பிச்சேன், அங்கதான் உதை வாங்கினேன்.

காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு ஞாயித்துக்கிழமை விடியகாலைல போனவங்களுக்கு தெரியும். ஏலம், ஐஸ், கூடை, கூச்சல், அதுக்கு நடுவுல கழுத்துல ரெண்டு கேமரா மாட்டின பசங்க கூட்டம். வஞ்சிரம் வாங்கறவங்கள விட லென்ஸ் ஜாஸ்தி. மீன் விக்கற அக்காங்க மூஞ்சில இருந்து ஒரு முழம் தூரத்துல லென்ஸ நீட்டுவாங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, எடுத்துட்டு அடுத்த அக்காகிட்ட போயிடுவாங்க. நான் லோக்கல், நான் பொம்பள, நான் வேற மாதிரின்னு எனக்கு ஒரு நெனப்பு. எங்க தெரு அக்கா ஒருத்தங்க அங்கதான் மீன் விக்கறாங்க, புடவை மேல வூட்டுக்காரர் சட்டைய போட்டுகினு, கையெல்லாம் செதிள் மினுமினுக்க, நெத்தில வேர்வை. எனக்கு அது அவ்ளோ அழகா தெரிஞ்சுது. எடுத்தேன். வெள்ளையாக்கல, வேர்வைய துடைக்கல. பிரிண்ட் போட்டு கொண்டுபோய் பெருமையா குடுத்தேன்.

அக்கா பாத்துட்டு திருப்பி குடுத்துட்டாங்க. "ஞாயித்துக்கிழம வர்றவன் எடுக்கறதுக்கும் நீ எடுக்கறதுக்கும் இன்னாடி வித்தியாசம்? கவுச்சியோட எடுத்தாதான் உனக்கு நான் நல்லாகீறனா?"

பதிலே இல்ல என்கிட்ட. கடையில வெள்ளையாக்கினது ஒரு பொய்னா, நான் அழகுன்னு முடிவு பண்ணினத அவங்க மேல ஏத்தினதும் அதே ஜாதி பொய்தான.

புஷ்பமாலான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க, பெங்களூர்காரங்க, 2019ல சென்னை போட்டோ பினாலேங்கற புகைப்பட விழாவுக்கு என்னென்ன வைக்கறதுன்னு முடிவு பண்ணி க்யூரேட் பண்ணினது அவங்கதான். அவங்க வேலை எனக்கு அப்பறம்தான் புரிஞ்சுது. வெள்ளக்காரன் காலத்துல நம்ம ஜனங்கள கட்டம் போட்ட திரைக்கு முன்னாடி நிக்க வச்சு அளவெடுக்கற மாதிரி எடுத்தாங்களே, அந்த மாதிரி திரைய கட்டி, தானே நீலகிரி தோடர் பொண்ணு வேஷம் போட்டு அது முன்னாடி நின்னாங்க. ரவி வர்மா படத்து பொண்ணாவும் நின்னாங்க. க்ளேர் ஆர்னிங்கற போட்டோகிராஃபரோட சேந்து 2000ல இருந்து 2004 வரைக்கும் செஞ்சது. இதெல்லாம் காமெடின்னு முதல்ல நெனச்சேன். ஆனா நீட்டின லென்ஸுக்கு முன்னாடி "சரி, இப்ப நான் எப்படி நிக்கறதுன்னு நானே சொல்றேன்"னு ஒரு பொண்ணு சொல்றா இல்ல, அதான் அக்காவும் சொன்னது.

அதனால போய் கேட்டேன், "நீயே சொல்லுக்கா, எப்படி எடுக்கணும்?" போடின்ட்டாங்க. மூணு நாள் கழிச்சு பைப்பாண்ட தண்ணி புடிக்கும்போது காதாண்ட வந்து, "எங்க மீன்புடி போட்டு மேல ஏறி நிக்கணும்" அப்படின்னாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு இது ஒண்ணும் பெருசா தெரியாது. எங்க தெருவுல தொழில் போட்டுல பொம்பள கால் வைக்கக்கூடாதுன்னு இன்னும் பாக்கறவங்க இருக்காங்க. அக்கா வூட்டு ஃபைபர் போட்டு வாங்கினது மகளிர் குழுல அக்கா பேர்ல எடுத்த லோன்லயும் அக்கா செயின அடகு வச்ச காசுலயும். போட்டுல சாமி பேரு எழுதியிருக்கு, ரெண்டு பசங்க பேரும் எழுதியிருக்கு.

இஞ்சின் வேலைக்காக போட்ட கரையில ஏத்தி வச்சிருந்த நேரம், மத்தியானம், ஆம்பளைங்க தூங்கற நேரம் பாத்து போனோம். அக்கா கத்திரிப்பூ கலர் பட்டுப்புடவை கட்டினு வந்தாங்க, ஏறும்போது கிரீஸ் ஒட்டும்னு மேல வூட்டுக்காரரோட அதே கட்டம் போட்ட சட்டை. "சட்டைய கழட்டுக்கா"ன்னேன். "கெடக்கட்டும், எடு சீக்கிரம்"ன்னாங்க. பின்னாடி கடலு, வானம், உச்சி வெயிலு. எட்டு கிளிக். அதுக்குள்ள யாரோ வர்ற சத்தம், இறங்கிட்டாங்க.

வூட்டுக்கு வந்து பாத்தா மூஞ்சி இல்ல. வானம் அழகா வந்திருக்கு, கடல் அழகா வந்திருக்கு, அக்கா மூஞ்சி இருக்கற இடத்துல இருட்டு. எல்லாருக்கும் பாடம் எடுக்கற நான் அந்த பதட்டத்துல காம்பன்சேஷன ஏத்த மறந்துட்டேன், வெயில்ல ஸ்க்ரீன் தெரியல, தெரியாதத தெரிஞ்ச மாதிரி நெனச்சுகினேன். அதோட கேமரா பாத்தத அப்படியே வச்சுக்கற ரா (RAW) ஃபைலா எடுக்காம, சுருக்கி வைக்கற ஜேபெக்ல எடுத்திருக்கேன், கார்டுல எடம் மிச்சம் புடிக்கறேன்னு. ராவா இருந்தா இருட்டுக்குள்ள இருந்து கொஞ்சமாவது மூஞ்சிய தோண்டி எடுத்திருக்கலாம், ஜேபெக்க தூக்கினா மண்ணு மண்ணாதான் வரும். அதனால வெயில்ல எடுக்கறப்ப துப்பட்டாவ தலையோட சேத்து கேமரா மேல போட்டுகினு ஸ்க்ரீன பாருங்க, படத்துல இருட்டு வெளிச்சம் எவ்ளோன்னு காட்டற ஹிஸ்டோகிராம ஆன் பண்ணுங்க, திரும்பி வராத எதையும் ஜேபெக்ல எடுக்காதீங்க. இன்னொரு தடவ ஏறுக்கான்னு கெஞ்சினேன். "ஒருதரம் ஏறியாச்சு, போதும்."

வெட்கப்பட்டுகினே 8க்கு 12 பிரிண்ட் போட்டு குடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அக்கா ரொம்ப நேரம் பாத்தாங்க. "மூஞ்சி கெடக்குது வுடு. கால பாரு, கால் எங்க கீதுன்னு பாரு." பாத்தா, அணியம் மேல, அதான் போட்டோட முன் முனையில, வச்ச கால், மெட்டி, வெடிப்பு, அதுல மட்டும் வெயில் நேரா விழுந்து துல்லியமா வந்திருக்கு. நான் மூஞ்சியவே தேடினதுல அத பாக்கவே இல்ல. அத ஃப்ரேம் போட்டு அரிசி டப்பா மேல மாட்டியிருக்காங்க, வூட்டுக்காரர் ஒரு வாரம் பேசல, அப்பறம் பேசிட்டாரு.

இந்த படத்த ஆன்லைன்ல போடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னாங்க, போடல. இத ஒரு வழக்கமா வச்சுக்குங்க. எடுக்கறதுக்கு ஒருதடவ கேக்கறது, வெளிய போடறதுக்கு தனியா இன்னொரு தடவ கேக்கறது, ரெண்டும் வேற வேற சம்மதம். பிரிண்ட் குடுங்க, சின்ன சைஸ் ஒண்ணு டீ வடை காசுதான் ஆகும், குடுத்தா அடுத்த தெருவுலயும் கதவு தொறக்கும். போன்ல லொக்கேஷன ஆஃப் பண்ணிட்டு எடுங்க, வாசல் படம்னா வூட்டு நம்பர் தெரியாம பாத்துக்குங்க. என் சொந்த படத்த போட்டப்ப கூட கண்டதும் இன்பாக்ஸ்ல வந்துது, ரெண்டு நாள் அழுதுட்டு ப்ளாக் பண்ணிட்டு மறுபடி போட்டேன்.

பேர் விஷயமும் சொல்லிடறேன். ஏரியால ஒரு சங்கத்து காலண்டர்ல நான் எடுத்த படம் வந்துது, கீழ பாத்தா என் வூட்டுக்காரர் பேரு. அவருக்கு லென்ஸ் மூடிய எப்படி கழட்டறதுன்னே தெரியாது பாவம். கேட்டா "வூட்டு பேருதானமா"ன்றாங்க. இந்தியாவுல பத்திரிகைக்கு போட்டோ எடுத்த முதல் பொம்பளைன்னு சொல்ற ஹோமாய் வியாரவாலா, 1913ல பொறந்தவங்க, அவங்க எடுத்த ஆரம்ப கால படங்களும் வூட்டுக்காரர் பேர்லதான் வந்துதாம். அவங்களுக்கே அப்படின்னா நான்லாம் எம்மாத்திரம்னு வுட்டுட முடியல. இப்பல்லாம் ஃபைல் குடுக்கும்போதே அதுக்குள்ளயே பதியற மெட்டாடேட்டால என் பேரு, வாட்ஸ்அப்ல "படம் கீழ இந்த பேர் வரணும்"னு எழுதி அனுப்பி, சரின்னு பதில் வந்தப்பறம்தான் பெரிய சைஸ் அனுப்பறது.

"இந்த வயசுல இன்னாத்துக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரன சொல்லுவேன். கல்கத்தால பொறந்து, 48 வயசுல மக குடுத்த கேமராவுல ஆரம்பிச்சு, ஃபோகஸே இல்லன்னு அந்த காலத்து ஆளுங்ககிட்ட திட்டு வாங்கினு, 1879ல இலங்கைல போய் செத்தவங்க. பணக்கார வூட்டம்மா, நமக்கும் அவங்களுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஆனா 48ங்கற நம்பர் நல்லா வேலை செய்யுது.

ஃப்ளெக்ஸ் கடைய விட்டு ரெண்டு வருஷம் ஆகுது. கல்யாணம், காதுகுத்துன்னு போய்கினு இருக்கேன். வெள்ளையாக்க சொல்றவங்களுக்கு ரெண்டு விதமாவும் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுவேன், முடிவு அவங்களது. பாதி பேரு இன்னும் வெள்ளதான் கேக்கறாங்க, குடுத்துடறேன்.

ஆனா போன்ல "பேனர்"னு ஒரு ஃபோல்டர் கீது. அக்காவோட போட்டு சமாச்சாரம் எப்படியோ வெளில போயி, ஒவ்வொருத்தரா வாசலுக்கு வந்து உக்காந்து எடுத்துகினு, பத்து இருவது பாத்து ஒண்ண காட்டி, "நான் செத்தா இத போடு, வெள்ளையாக்காத, அப்படியே வை"ன்னு சொல்லிட்டு போறாங்க. இதுவரைக்கும் பதினோரு பேரு. ஒருத்தங்க ஆடு குட்டியோட, ஒருத்தங்க வெத்தல போட்ட வாயோட. என்னோடதும் அதுல ஒண்ணு கீது, கையில துடைப்பத்தோட, எடுத்து வைக்கறதுக்குள்ள டைமர் முடிஞ்சிடுச்சு.

போன வாரம் அதுல ஒரு ஆயா போன் பண்ணினாங்க. கண் ஆபரேஷன் முடிஞ்சு கண்ணாடி போட்டிருக்காங்களாம், பழைய படம் செல்லாதாம், மாத்தணுமாம். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வாசலுக்கு வா ஆயான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் மெதுவா, "பவுடர் போட்டுக்கவா?"ன்னாங்க.

"போட்டுக்க ஆயா."